விளக்குக்கு ஆடு விட்டோம், விஞ்ஞானத்துக்கு என்ன விட்டோம்?

நம் நாட்டு ஜனங்களுக்கு நெடுங்காலத் திட்டம் போடத் தெரியாதென்றும், இன்று நட்டு நாளையே பழம் பறிக்க ஆசைப்படுகிறவர்கள் என்றும், அதனால்தான் பெரிய விஞ்ஞான ஆராய்ச்சிச் சாலைகள் இங்கே நிலைத்து நிற்பதில்லை என்றும் படித்த கனவான்கள் பலர் பேசி வருகிறார்கள். இதைப்போன்ற பொய் வேறொன்று இருக்க முடியாது. நெடுங்காலத் திட்டம் போடுவதில் நம்மவர்களைப்போல் கைதேர்ந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. அந்தத் திறமை எதற்குச் செலவாயிற்று என்பதுதான் கேள்வி.

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கு வைக்க வேண்டுமென்று ஒருவன் ஆசைப்பட்டால், விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விடவில்லை. 96 ஆடு விட்டான். அந்த ஆடுகளை இன்ன இடையன் வசம் ஒப்புவித்தோம் என்று கல்லில் வெட்டினான். அந்த இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடு தட்டினால்? நோய் வந்து செத்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. பிறக்கிற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். கணக்கில் 96 என்பது என்றைக்கும் 95 ஆகக் கூடாது. ஆகவேதான் அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். தனித்தனி ஆடு சாகும், மந்தை சாகாது. சூரிய சந்திரர் உள்ளமட்டும் இது நடக்க வேண்டுமென்று சாட்சிக் கையெழுத்தும் இருக்கும்.

மூலதனம், தேய்மானம், அன்றாடச் செலவு, பொறுப்பாளி, கணக்குப் பரிசோதனை ஆகிய அத்தனையும் ஒரே கல்லில் இருக்கிறது. இன்றைக்கு லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற நிபுணர்கள் தடித்தடியான அறிக்கைகளில் எழுதுகிற சங்கதி இதற்கு மேல் ஒன்றுமில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் எதற்காக? பார்க்கக் கண்ணில்லாத ஒரு கல்லுக்கு முன்னால் நெய்யை எரிப்பதற்காக. அந்த நெய்யைக் கறந்து கடைந்து கொடுத்த இடையன் அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது.

சரி, அணையாத விளக்குக்குக் கொடுத்த மூளையில் பத்தில் ஒரு பங்கையாவது அறிவுக்குக் கொடுத்தோமா என்று பார்ப்போம். அதற்குக் கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும்.

நம்மவர்களுக்கு அந்த ஊர் அந்நியமல்ல. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து ஓடிய தமிழ்த் தொழிலாளிகள், அவர்களிலும் பெரும்பாலும் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள், வெட்டிய சுரங்கம் அது. 1880 முதல் வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே தங்கம் எடுத்தது. அந்தத் தங்கத்துக்காகவே காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் உண்டாக்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து 1902-இல் கொண்டுவந்தார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் திட்டம் எவ்வளவு வேகமாகப் பிறக்கிறது பாருங்கள்! மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குமேல் பூமியைக் குடைந்தவர்கள் அந்தத் தொழிலாளிகள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் உறைந்து செத்தவர்கள் உண்டு.

அந்தப் பள்ளத்தில் தங்கத்தைவிட அருமையான வேறொரு பொருள் கிடைத்தது. வானத்திலிருந்து காஸ்மிக் கதிர் என்கிற நுண்ணிய துகள்கள் ஓயாமல் பூமிமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. அவை காற்றில் மோதும்போது பலவகைத் துகள்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று நியூட்ரினோ. அதற்கு மின்னேற்றம் கிடையாது. ஏறக்குறைய எதனோடும் ஒட்டாது. மலையானாலும் மனிதனானாலும் ஊடுருவிக்கொண்டு போய்விடும். இந்த வரியை வாசிக்கிற நேரத்துக்குள் வாசகர் உடம்பில் புகுந்து வெளியேறிய நியூட்ரினோக்கள் கோடானுகோடி. அப்பேர்ப்பட்டதைப் பிடித்துப் பார்க்க வேண்டுமானால், மற்றத் துகள்களின் சந்தடி இல்லாத இடம் வேண்டும். பூமிக்கடியில் ஆழத்தில்தான் அது கிடைக்கும். மேலேயுள்ள பாறை சல்லடைபோல் மற்றவற்றையெல்லாம் தடுத்துவிட்டு நியூட்ரினோவை மட்டும் விடும்.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1951 முதலே அந்தச் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கிப் பரிசோதித்து வந்தார்கள். 1965-இல் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய சர்வகலாசாலைகளோடு சேர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், காற்றில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அதே சமயத்தில் வேறொரு கூட்டத்தார் கண்டார்கள். உலகத்தில் அதற்கு முன் எவரும் கண்டதில்லை. தீண்டத்தகாதவன் என்று தெருவில் நடக்கவிடாமல் அடித்த கூட்டத்தின் பிள்ளைகள் வெட்டிய பள்ளத்தில் உலகத்துக்கே புதிதான ஓர் உண்மை வெளிப்பட்டது.

அதன் பிறகு நடந்ததென்ன? 1980-களில் புரோட்டான் என்னும் துகள் தானாகவே சிதையுமா என்று பார்க்கிற பரிசோதனையும் அங்கே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆழத்துப் பகுதிகளை மூடவே, பரிசோதனையும் நின்றது. 2001 பிப்ரவரியில் சுரங்கமே மூடப்பட்டது. இறைக்கிற யந்திரங்கள் நின்றன, தண்ணீர் ஏறிற்று. தங்கம் கட்டுப்படியாகாதபோது சுரங்கத்தை மூடியது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. தங்கத்தின் பேரேட்டில் நஷ்டம் இருந்தது, மூடினார்கள். ஆனால் அந்தச் சுரங்கத்துக்குள் உலகத்தில் இரண்டொரு தேசங்களுக்கே வாய்த்த ஒரு விஞ்ஞானச் சாலை இருந்ததே, அதன் கணக்கு எந்தப் பேரேட்டில் இருந்தது? எந்தப் பேரேட்டிலும் இல்லை. அது சுரங்கக் கம்பெனி வீட்டுத் திண்ணையில் குடியிருந்த விருந்தாளி. வீட்டுக்காரன் பூட்டிக்கொண்டு போனால் விருந்தாளி தெருவுக்குத்தான் வர வேண்டும். தொழிலாளிகளின் கதியும் அதுவேதான். நூறு வருஷம் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் சயனைடு மண்மேட்டின் அடிவாரத்தில் விடப்பட்டார்கள்.

கோலாருக்கு வந்துபோன ஜப்பான்காரரின் தேசத்தில் நடந்ததை இதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அங்கே கமியோகா என்று ஒரு துத்தநாகச் சுரங்கம். அதற்குள் 1983-இல் 3,000 டன் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டிச் சுற்றிலும் ஒளிக்குழாய்களை வைத்தார்கள். 1987-இல் தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அங்கிருந்து வந்த நியூட்ரினோக்கள் அதில் தட்டுப்பட்டன. அதோடு திருப்தியடைந்து மாலை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. 1996-இல் 50,000 டன் தொட்டி. 1998-இல், நியூட்ரினோ வழியிலேயே வகை மாறுகிறது, ஆகவே அதற்கு எடை உண்டு என்று காட்டினார்கள். 2001 நவம்பரில் அந்தத் தொட்டியில் ஒரு விபத்து. ஒரு குழாய் உடைந்த அதிர்ச்சியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள் நொறுங்கிப் போயின. நமது கோலார் மூடப்பட்ட அதே வருஷம். மிஞ்சிய குழாய்களைப் பரப்பி மாட்டி மறு வருஷமே வேலையைத் தொடங்கினார்கள். 2006-இல் முழுவதும் சரிசெய்துவிட்டார்கள். 2002-இல் கொஷிபாவுக்கு நோபல் பரிசு. 2015-இல் அவருடைய மாணாக்கர் கஜிதாவுக்கு நோபல் பரிசு. 2020-இல் இரண்டரை லட்சம் டன் தொட்டிக்கு வேலை ஆரம்பமாயிற்று. ஆசிரியன், மாணாக்கன், மாணாக்கனின் மாணாக்கன் என்று வரிசை போகிறது. இதுதானே சாவா மூவாப் பேராடு? நாம் அதை விளக்குக்கு விட்டோம், அவர்கள் தொட்டிக்கு விட்டார்கள்.

இந்த வரிசை நம் நாட்டில் அறவே கிடையாது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். நீலகிரியில் முத்தோரை என்ற இடத்தில் கோவிந்த் சொரூப் என்பவர் 1970-இல் ஒரு ரேடியோ தூரதர்சினி அமைத்தார். 530 மீட்டர் நீளம். அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி சரிந்திருக்கிற மலைச்சரிவாகத் தேடிப் பிடித்தார். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடிந்தது. அங்கே கை பழகினவர்கள்தாம் பிறகு புனாவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களை நிறுத்தினார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் மனுச் செய்யலாம், மனு நன்றாயிருந்தால் நேரம் ஒதுக்கப்படும். அந்தப் பழக்கத்தின் பலனாகத்தான் பல தேசங்கள் கூடிக் கட்டுகிற ஸ்கா என்னும் மகா ரேடியோ தூரதர்சினிக்கு 1,250 கோடி ரூபாய் கொடுத்துப் பங்காளியாகச் சேர 2024 ஜனவரியில் நம் சர்க்கார் சம்மதித்தது. முத்தோரை இல்லாவிட்டால் கோடத் இல்லை. கோடத் இல்லாவிட்டால் அந்தப் பந்தியில் நமக்கு இலை இல்லை. ஆகவே நமக்குச் சக்தியில்லை என்பதல்ல. ஒரு கெட்டியான மனிதர் இருந்தால் நடக்கிறது, அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிறது. மனிதரை நம்பி நடப்பதற்குத் திட்டம் என்றா பெயர்?

இந்த லட்சணத்தில்தான் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் விவகாரம் வந்தது. கோலாரில் இழந்ததைத் திரும்பப் பிடிக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர்கள் 2002-இலேயே கூடினார்கள். மலைக்கடியில் 50,000 டன் காந்த இரும்பு வைத்து நியூட்ரினோவை ஆராய்வது என்று யோசனை. முதலில் நீலகிரியில் சிங்காரா. அது முதுமலைப் புலிக்காட்டை ஒட்டியது என்று 2009-இல் மறுக்கப்பட்டது. பிறகு பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய சர்க்கார் சம்மதம் தெரிவித்தது. அதே வருஷம் மதுரையில் ஐகோர்ட் வேலையை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சரியாகக் கவனிக்கவில்லையென்று 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திற்று. 2018-இல் விசேஷமாக வேறோர் அனுமதி. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டில் இதற்கு இடமளிக்க முடியாதென்று பிரமாணப் பத்திரம் போட்டது.

சீன தேசத்தார் குவாங்டோங் மாகாணத்தில் ஜியாங்மென் பக்கத்தில், 700 மீட்டர் ஆழத்தில், இதே நியூட்ரினோவைப் பற்றிய இதே முக்கியக் கேள்விக்காக வேறு முறையில் ஒரு சாலை கட்ட ஆரம்பித்ததும் அதே 2015 ஜனவரிதான். 2025 ஆகஸ்டில் அது கண் திறந்து கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே வேலியும் வழக்குக் கட்டும் மிச்சம்.

இதில் யார் பேரில் குற்றம்? பொட்டிப்புரத்து ஜனங்கள் அஞ்ஞானிகள், விஞ்ஞான விரோதிகள் என்று பட்டணத்துப் பத்திரிகைகள் சில எழுதின. நாம் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம். நியூட்ரினோ ஆராய்ச்சியால் கதிர்வீச்சு பரவும், பிள்ளைகளுக்கு வியாதி வரும் என்று சொன்னது கட்டுக்கதை. அந்தக் கருவி எதையும் உண்டாக்கவில்லை; ஏற்கெனவே நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருப்பதை எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவே. பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கட்டுக்கதையை மேடையில் பேசினவர்களையும் நாம் மன்னிப்பதற்கில்லை. பேயைக் காட்டிப் பயமுறுத்துகிறவனுக்கும் கதிரைக் காட்டிப் பயமுறுத்துகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினால் காட்டுக்கும் ஊற்றுக்கும் என்ன ஆகும், வெடி எவ்வளவு, கல் எங்கே போகும் என்று கேட்டது கட்டுக்கதையல்ல; நியாயமான கேள்வி. பயிர் செய்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு அவன் ஊர்ச் சாவடியில், அவன் பாஷையில், கோர்ட்டுக்குப் போகுமுன் பதில் சொல்லியிருக்க வேண்டாமா? இரும்பு வாங்க 1,500 கோடியில் கணக்கு இருந்தது. ஊர் நம்பிக்கையை வாங்க எத்தனை வருஷம், எத்தனை ஆள் என்று முதலிலேயே கணக்கு இருந்ததா? பூங்கா எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் படத்தில் அளந்துவிடுவானே! இடம், காடு, ஜனம், சட்டம் எல்லாவற்றையும் ஐந்தாறு வருஷம் முன்னதாகவே பரிசீலித்து நாலைந்து இடங்களைத் தயாராக வைத்திருப்பதற்குத்தான் திட்டம் என்று பெயர். கலியாண மண்டபத்தைப் பேசாமல் பத்திரிகை அச்சடித்தவனைப்போல் நடந்துகொண்டு, பிறகு பந்தலுக்கு இடம் தரவில்லையென்று அடுத்த வீட்டுக்காரனை வைவது என்ன நியாயம்?

‘பணம் இல்லை’ என்கிற பல்லவியும் பாடுவார்கள். நர்மதைக் கரையில் படேல் சிலைக்கு 2013-இல் கல் நாட்டி 2018-இல் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய். ஒரு பைசா போதவில்லையென்று சிலை அரையில் நின்றதா? ஈர்ப்பு அலைகளை ஆராய மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலியில் கட்ட வேண்டிய லைகோ நிலையத்துக்கு 2016-இல் தத்துவரீதியான சம்மதம். முழுச் சம்மதமும் 2,600 கோடி ரூபாயும் 2023-இல். சம்மதத்துக்கும் சம்மதத்துக்கும் இடையில் ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷத்துக்குள் ஒரு சிலை எழும்பி நின்று டிக்கட்டும் விற்க ஆரம்பித்துவிட்டது. திருப்பதி தேவஸ்தானத்தின் ஒரு வருஷத்து வரவு செலவு 5,000 கோடிக்கு மேல். அது பக்தர்கள் போட்ட பணம், சர்க்கார் பணமல்ல என்பார்கள். மெத்தச் சரி. பணம் ஜனங்களிடம் இருக்கிறது, கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறென்ன வேண்டும்? இந்தியா முழுவதும் ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது 2020-21 கணக்குப்படி தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கு, ஒரு பங்குகூட இல்லை. தென் கொரியாவில் நாலு பங்குக்கு மேல்.

இன்னொரு ஆட்சேபணை நம்மவர்களிடமிருந்தே வரும். சோற்றுக்கில்லாதவனுக்கு நியூட்ரினோ எதற்கு என்று கேட்பார்கள். நியூட்ரினோவால் நாளைக்கு அரிசி விலை குறையும் என்று நாம் பொய் சொல்லத் தயாரில்லை. குறையாது. ஆனால் உலகம் எதனால் ஆனது, எப்படி உண்டாயிற்று என்கிற கேள்வி சோற்றுக்கில்லாதவனுக்கும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற வியாபாரத்தை இதுவரை யார் நடத்தினார்கள்? புராணிகர்கள் நடத்தினார்கள். பிரம்மன் முகத்தில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்தான் என்று சொல்ல அவர்களுக்குச் சுரங்கமும் வேண்டியதில்லை, தொட்டியும் வேண்டியதில்லை, காலணாச் செலவுமில்லை. அந்த இலவசமான பதிலுக்கு நம் பாட்டன்மார் கொடுத்த விலை என்ன என்பது நமக்குத் தெரியும். உண்மையான பதிலுக்குச் செலவாகத்தான் செய்யும். தவிரவும், இப்படிப்பட்ட சாலைகளில் வேண்டுமென்று தேடாமலேயே கிடைக்கிற சாமான்களும் உண்டு. ஐரோப்பாவில் செர்ன் என்கிற துகள் ஆராய்ச்சிச் சாலையில் விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் தஸ்தாவேஜுகளைப் பார்த்துக்கொள்ள 1989-இல் ஒருவர் செய்த யோசனைதான் இன்று உலகமெல்லாம் விரிந்திருக்கிற வலை. 1993-இல் அதை யாருக்கும் விலையில்லாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தச் செர்ன் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1954-இல் 12 தேசங்கள் சேர்ந்து ஆரம்பித்தன. ஒன்பது வருஷத்துக்கு முன்தான் ஒருவரையொருவர் குண்டு போட்டுக் கொன்றவர்கள்! அவரவர் தேசத்து வருமானத்துக்குத் தக்கபடி சந்தா. பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கிற அவர்களுடைய பெரிய யந்திரத்தைப் பற்றி முதலில் கூடிப் பேசியது 1984-இல், அனுமதி 1994-இல், ஓட்டியது 2008-இல், ஹிக்ஸ் துகளைக் கண்டது 2012-இல். 28 வருஷம். இதற்குள் எத்தனை மந்திரிசபைகள் கவிழ்ந்திருக்கும்! சந்தா நிற்கவில்லை. இதற்கு நேர்மாறாக, பணத்தில் புரளுகிற அமெரிக்கா டெக்ஸாஸில் 87 கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு யந்திரம் கட்டப் புறப்பட்டு, 23 கிலோமீட்டர் சுரங்கமும் வெட்டி, 200 கோடி டாலருக்குச் சமீபமாகச் செலவழித்துவிட்டு 1993-இல் வேண்டாமென்று மண்ணைத் தள்ளி மூடிற்று. பணம் மாத்திரம் போதாது என்பதற்கு அந்தப் பள்ளம் சாட்சி.

ஜோர்டான் தேசத்தில் செசமி என்றொரு சாலை 2017-இல் திறக்கப்பட்டது. மிகவும் பிரகாசமான ஒருவித ஒளியை உண்டாக்கி, மருந்து, மண், பழைய ஏடு எதையும் அணு அணுவாகப் பார்க்கிற யந்திரம். அதில் பங்காளிகள் யார் தெரியுமா? இஸ்ரேல், ஈரான், பாலஸ்தீனம், எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், சைப்ரஸ், ஜோர்டான். எந்தக் கோயிலாவது, மசூதியாவது, சர்ச்சாவது இவர்களை ஒரு கூரையின்கீழ் உட்கார வைத்ததுண்டா? அதன் ஆரம்ப யோசனையே, ஜெர்மனியில் வேண்டாமென்று பிரிக்கப்போன ஒரு பழைய யந்திரத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதில்தான் பிறந்தது. ஏழைகள் கூடிச் செய்ததற்கு இது உதாரணம்.

இங்கேதான் நமது இயக்கத்துக்கு நேரான விஷயம் வருகிறது. பொதுக்கிணறு என்றால் என்ன என்று நமக்கு ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பணத்தில் வெட்டிய கிணற்றில் ஊரில் பாதிப்பேர் இறங்கக்கூடாதென்றால், அதற்குப் பொதுக்கிணறு என்று பலகை மாட்டினாலும் அது அக்கிரகாரக் கிணறுதான். நம் சர்வகலாசாலைகளிலும் கல்லூரிகளிலும் கோடி ரூபாய்க் கருவிகள் எத்தனை ஒரு பேராசிரியரின் அறையில் பூட்டிக் கிடக்கின்றன! சாவி அவர் இடுப்பில். அவர் ரஜாவில் போனால் கருவிக்கும் ரஜா. பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்காததால் பாதி கெட்டுக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்துச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். படைத்தவர் விஞ்ஞான டாக்டர். ராக்கெட் விடுமுன் அதன் பொம்மையைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிற தேசத்தில், கல்லூரி வாத்தியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் வாஸ்தவம்தான்.

இந்தூரில் இருக்கிற இண்டஸ்-2 ஒளி யந்திரமும், டெல்லியில் சர்வகலாசாலைகளுக்குப் பொதுவாக வைத்த முடுக்கி யந்திரமும் பல ஊர் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. அவை நல்ல வழி. ஆனால் கருவியைத் திறந்தால் போதுமா? கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நாற்காலி யாருக்குத் திறந்திருக்கிறது? 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் உத்தியோகத்துக்கு இட ஒதுக்கீடு என்று பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன் நாலாவது பிரிவில், அட்டவணையில் கண்ட சில உயர்தர ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி. அட்டவணையைப் புரட்டினால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஹோமி பாபா தேசிய நிலையமும் அதன் அங்கங்களும் இருக்கின்றன. அதாவது கோலாரில் பள்ளம் வெட்ட ஒதுக்கீடு வேண்டியதில்லை, அது ஜாதியிலேயே இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கருவி வைக்கிற உத்தியோகத்துக்கு மாத்திரம் ஒதுக்கீடு கூடாது, தகுதி கெட்டுவிடும்! இந்தத் தகுதிக்காரர்கள்தான் பூங்காவின் தூரத்தைக் கணக்கில் கோட்டைவிட்டு ஏழு வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள். பொட்டிப்புரத்துப் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் அந்த ஸ்தாபனத்தில் ஆராய்ச்சியாளர்களாக இருந்திருந்தால், அந்த ஊர் சந்தேகப்பட்டிருக்குமா? ‘எங்கள் பெண் அங்கே இருக்கிறாள், அவளைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஆராய்ச்சிச் சாலைக்காகச் சர்க்காரைப் பணம் கேட்கிறவர்கள் எதைக் கேட்க வேண்டும்? முப்பது வருஷத்துக்கு ஒரு பட்டியல் கேட்க வேண்டும்: இன்னின்ன சாலை, இன்னின்ன வருஷம், எது முதல், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று. ஐரோப்பாவில் 2006 முதல் இப்படிப்பட்ட பட்டியலை அச்சிட்டு வெளியிட்டு, சில வருஷத்துக்கொருமுறை திருத்தி வருகிறார்கள். மந்திரி மாறினாலும் மாறாதபடி அதைச் சட்டத்தில் கட்ட வேண்டும். கட்டுகிற செலவைச் சொல்லும்போதே ஓட்டுகிற செலவையும் சொல்ல வேண்டும். பெரிய சாலைகளை நடத்திப் பழகினவர்கள், கட்டிய தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வருஷாவருஷம் வேண்டும் என்கிறார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கை எழுதாத திட்டம் ஆடு விடாத விளக்கு. இடம் பார்க்கும்போதே அந்த இடத்து ஜனங்களோடு பேசி, வேண்டாமென்றால் வேறிடம் போகத் தயாராக இருக்க வேண்டும். யார் கருவிக்கு மனுச் செய்தார்கள், யாருக்கு நேரம் கிடைத்தது, எந்தக் கல்லூரி, எந்த ஜில்லா என்பதை வருஷந்தோறும் ஊரறியப் போட வேண்டும். பணம் எங்கள் வரி. கணக்கு எங்களுக்குத் தெரியக்கூடாதா?

2019 சட்டத்து நாலாவது பிரிவை எடுத்துவிட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இது வேறு விஷயம், அது வேறு விஷயம் என்று பிரித்துச் சொல்லுகிறவர்கள் வருவார்கள். இரண்டும் ஒரே கிணறு. நமது ஜில்லாவிலிருந்து பார்லிமெண்டுக்குப் போயிருக்கிற அங்கத்தினர்களுக்கு அந்தப் பிரிவின் எண்ணையாவது தெரியுமா என்று அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே கேளுங்கள்; என்ன பதில் சொன்னார்கள் என்று நமக்கு எழுதியனுப்பினால், அவர்கள் பேரோடு அப்படியே போடுகிறோம்.